கஸ்தூரிரங்கன் புறப்படுகிறார்

கஸ்தூரிரங்கன் வீட்டைவிட்டுக் கிளம்புவது, கபாலி கோயில் தேர் நிலையைவிட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. தேருக்காவது வருஷத்தில் ஒரு நாள்தான். இவருக்குத் தினமும் உண்டு. கறிவேப்பிலை வாங்க மறந்துபோனால் இரண்டு தடவை.

முதலில் கூடத்துத் தினசரிக் காலண்டர் முன்னால் போய் நிற்பார். ராகுகாலம், எமகண்டம், குளிகை மூன்றையும் பார்த்து, நடுவில் கிடைக்கிற இடுக்கில் எப்படிப் புகுந்து வெளியே போவது என்று கணக்குப் போடுவார். அப்புறம் சூலம். திங்களும் சனியும் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர் என்று காலண்டரிலேயே அச்சடித்திருக்கும். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட் கிழக்கே பார்த்தது. போகிற இடம் தி.நகரோ அடையாறோ எதுவானாலும், கேட்டைத் தாண்டி முதல் ஐந்தடி கிழக்கேதானே போயாக வேண்டும்? அந்த ஐந்தடிக்காக வாரம் இரண்டு நாள், நின்றபடியே ஒரு கரண்டி தயிர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்வார்.

பிறகு வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தும்மக் கூடாது. 'எங்கே போறேள்' என்று கேட்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாசல் தாண்டியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது ஊரில் பல வீடுகளில் உள்ளதுதான். கஸ்தூரிரங்கன் இதற்கு ஓர் உட்பிரிவு சேர்த்திருந்தார். தலைபோகிற காரியமாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம். திரும்பாத வரைக்கும் கூப்பிட்டது கூப்பிட்டதாகாது. பொது இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷமாக மோட்டார் கிளெய்ம் பார்த்தவர், உட்பிரிவு இல்லாமல் அவருக்கு எதுவும் ஜீரணமாகாது.

கடைசியாக ஜலஜா.

ஜலஜா அவர் மனைவி. மாலையில் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். ஆனால் காலையில் அவளுக்கு வேறு உத்தியோகம். கணவர் வண்டியைக் கிளப்பும்போது ஒரு சுமங்கலி நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். இந்தக் காலத்து மயிலாப்பூரில் எந்தச் சுமங்கலி குடத்தோடு தெருவில் அலைகிறாள்? ஆகவே ஜலஜா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பின்படி வழியாக இறங்கி, பக்கத்துச் சின்ன கேட்டால் வெளியே போய், தெரு முனையில் காத்திருந்து, அவர் வண்டி உறுமும் சத்தம் கேட்டதும் தற்செயலாக வருவதுபோல எதிரே நடந்து வருவாள். அவளைப் பார்த்ததும் கஸ்தூரிரங்கன் முகத்தில் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று வரும். தினமும் எதிர்பாராத சந்தோஷம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்த முகத்தை அவர் அவளுக்குக் காட்டுவது அந்த ஒரு நிமிஷம்தான் என்பதால், ஜலஜாவும் அதைப் பெரிதாக ஆட்சேபித்ததில்லை.

மாடி வீட்டுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்த ஸ்வர்ணலதா ஒரு வாரம் இதைப் பார்த்துவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு கேட்டாள், உங்க வீட்ல குழாயில தண்ணி வரலியாக்கா, எங்க வீட்ல ரெண்டு குடம் பிடிச்சுக்கிடுங்களேன் என்று. ஜலஜா சிரித்துக்கொண்டே இது வேற தண்ணி என்று சொல்லிவிட்டாள். ஸ்வர்ணலதாவுக்குப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளும் தன் வீட்டுக்காரர் கடைக்குப் போகும்போது பால்கனியிலிருந்து ஜலஜா வருகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் அவரை அனுப்பினாள். ஒரே தண்ணீரில் இரண்டு குடும்பம் பிழைத்தது.

இத்தனை சோதனையையும் தாண்டி வெளியே போகிற வண்டி எப்படிப்பட்டது என்று கேட்கலாம். அது கஸ்தூரிரங்கன் 2009இல் வாங்கிய மோட்டார் சைக்கிள். நம்பரைக் கூட்டினால் ஒன்பது. அது வந்த வருஷம்தான் ஃபிளாட் வாங்கினார்கள், அது வந்த பிறகுதான் மகள் வர்ஷினி படிப்பில் முன்னுக்கு வந்தாள், அதில் ஏறிப் போனதால்தான் அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ராசியான வண்டி. தினமும் காலையில் மஞ்சள் துணியால் துடைப்பார். வெள்ளிக்கிழமை முன்விளக்குக்கும் டாங்க்குக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். சக்கரம் மட்டும் மண்ணில் உருள்வதாலோ என்னவோ, அவருடைய பக்தி அதுவரைக்கும் இறங்கவில்லை. பின் டயர் அவர் தலையைப் போலவே வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. செயின் தொங்கிப்போய்ப் போடுகிற சத்தத்தில், தெரு முனையில் வரும்போதே அவர் வருகிறார் என்று தெரிந்துவிடும்.

வண்டியைச் சர்வீஸுக்கு விடுங்கள் என்று ஜலஜா சொல்லிப் பார்த்ததுண்டு.

"ஓடிண்டிருக்கற வண்டியை எவனாவது பிரிப்பானா? கண்டவன் கை வெச்சா ராசி போயிடும்டி."

இப்படிச் சொன்ன அதே வாயால்தான் முப்பது வருஷம் ஆபீஸில் அடுத்தவர்களின் கிளெய்மைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தார். யாருடைய வண்டி எங்கே விழுந்தது, பிரேக் ஷூ தேய்ந்திருந்ததா, டயர் வழுக்கையா, கடைசியாக எப்போது சர்வீஸ் பார்த்தது என்று துருவித் துருவிக் கேட்டு, 'வண்டியை நல்ல நிலையில் வைத்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார். ராத்திரி சாப்பிடும்போது அந்த வாக்கியத்தை ரசம் சாதத்தோடு சேர்த்துத் திரும்பச் சொல்வார். ஜனங்களுக்கு அஜாக்கிரதை ஜாஸ்தியாயிடுத்து என்பார். ஜலஜா அப்பளத்தைப் போடுவாள்.

பின்னாலிருந்து கூப்பிடுகிற விஷயத்தில் ஜலஜாவின் மேல் ஒரு பழைய வழக்கு நிலுவையில் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால், பதவி உயர்வுக்கான நேர்முகத்துக்கு அவர் கிளம்பிப் படியிறங்கும்போது, மேஜைமேல் அவருடைய படிக்கிற கண்ணாடி கிடப்பதைப் பார்த்து, அவள் யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டாள். பாட்டு டீச்சர் குரல். தெருக்கோடிப் பிள்ளையாரே திரும்பிப் பார்த்திருப்பார். கஸ்தூரிரங்கன் திரும்பவில்லை. அன்றைக்குத்தான் அந்த உட்பிரிவே பிறந்தது. கண்ணாடி இல்லாமல் போனார். அங்கே ஒரு தாளை நீட்டிப் படிக்கச் சொன்னார்கள். கையை நீளமாக நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து அவர் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கூப்பிட்டாய், போயிற்று என்றார். அதற்கப்புறம் ரிட்டையர் ஆகும் வரைக்கும் அவர் வாங்காத ஒவ்வொரு சம்பள உயர்வும் ஜலஜாவின் தொண்டைக் கணக்கில் எழுதப்பட்டது. அவர் தங்கை வந்தால் அவளிடம் சொல்வார். சம்பந்தமில்லாத கல்யாணங்களில் சம்பந்தமில்லாதவர்களிடம் சொல்வார். அதற்குப் பிறகு ஜலஜா யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. காய்கறிக்காரன் மீதிச் சில்லறையை மறந்துவிட்டுப் போனால்கூட, ஓடிப்போய் அவனை முந்திக்கொண்டு எதிரே நின்றுதான் கொடுத்தாள்.

இப்படியிருக்க, வர்ஷினிக்குப் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கடைசிக்கட்ட நேர்முகம் வந்தது, ஒரு திங்கட்கிழமை. இருந்த வேலை போய் மூன்று மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லாப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். பேச்சுக் குறைந்து போயிருந்தது. இது கிடைத்தால் தேவலை என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

முந்தின நாள், ஞாயிறு மத்தியானம், கஸ்தூரிரங்கன் வெற்றிலை வாங்கப் போன இடத்தில் பின் சக்கரம் பஞ்சர். லஸ் பக்கத்துச் சந்தில் அப்துல் கஃபார் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஞாயிறு ராகுகாலம் நாலரைக்குத் தொடங்கும். அதற்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று கஃபாரின் தலைமேலேயே நின்றாராம். டியூபை வெளியே எடுக்கும்போது ஒரு தரம் மணி பார்த்தார், ஒட்டுப் போடும்போது ஒரு தரம், சக்கரத்தை மாட்டும்போது இரண்டு தரம். நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வீட்டுக்குள் நுழைந்து, யுத்தத்தில் ஜெயித்தவர்போலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நாளைக்குக் குழந்தை போற வண்டி. அதுல ராகு உக்காரலாமோ?" என்றார்.

திங்கள் காலை ராகுகாலம் ஒன்பது மணிவரை. வர்ஷினி கேப் போட்டுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தாள். அந்தப் பேச்சை அவர் தொடரவே விடவில்லை. உன் பத்தாவது பரீட்சைக்கு எதில் போனாய், காலேஜ் சேர்க்கைக்கு எதில் போனாய்? அந்த வேலை போனதே, அதற்கு முதல் நாள் எதில் போனாய்? கேப்பில் போனாய். பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போக வேண்டும் என்றார். பூ வைத்த தலையில் ஹெல்மெட் ஏறாது என்று ஜலஜா சொன்னாள். இங்கே இருக்கிற பெருங்குடிக்கு என்ன ஹெல்மெட், நான் மெதுவாகத்தானே ஓட்டுவேன் என்றார். அவர் தலையில் மட்டும் ஹெல்மெட் இருந்தது. அதன் முன்புறத்திலும் ஒரு சந்தனப்பொட்டு.

ஜலஜா மேலே சொல்ல வாயெடுத்தாள். ஆனால் நேர்முகத்துக்குப் போகிற பெண்ணின் முன்னால் சண்டை போடுவதும் ஓர் அபசகுனம் என்பதால், செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கினாள்.

தெரு முனையில் நின்றாள். காலண்டர் பார்த்தாகியிருக்கும், தயிர் ஆகியிருக்கும். வண்டி உறுமியது. ஜலஜா நடக்கத் தொடங்கினாள். கேட்டிலிருந்து வண்டி வெளியே வந்தது. கஸ்தூரிரங்கன் முகத்தில் அந்த எதிர்பாராத சந்தோஷம் வந்தது. பின்னால் வர்ஷினி ஒருபக்கமாக உட்கார்ந்து, ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் கண்ணை உருட்டிச் சிரித்தாள். மூன்று மாதத்தில் ஜலஜா பார்த்த முதல் சிரிப்பு. வண்டி அவளைத் தாண்டிப் போயிற்று.

வழக்கமாக அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. உத்தியோகம் அங்கே முடிந்தது. அன்று அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் பார்க்கலாமென்று திரும்பினாள்.

பின் சக்கரம் ஆடியது. சுழல்கிற சக்கரம் நேராகச் சுழல வேண்டும். இது தஞ்சாவூர் பொம்மையின் தலை மாதிரி இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. வண்டியின் வால்பக்கம் முழுவதும் கூடவே ஆடியது. அதன்மேல் பூ வைத்த தலையோடு அவள் பெண்.

கூப்பிட வாய் திறந்தது. குரல் வரவில்லை. கண்ணாடியும், போன பதவி உயர்வும், கல்யாண வீடுகளும், அவர் தங்கையின் உச்சுக்கொட்டலும் தொண்டையில் வந்து குறுக்கே நின்றன. இன்றைக்குக் கூப்பிட்டு, அந்த வேலை கிடைக்காமல் போனால், பெண்ணின் மூன்று மாத மௌனமும் இனி வரப்போகிற மௌனமும் அவள் தலையில்தான். ஓடிப்போய் முந்திக்கொண்டு எதிரே நிற்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். மோட்டார் சைக்கிளை ஓடி முந்துவதாம். அத்தனை வருஷப் பழக்கம் மனுஷியை எவ்வளவு முட்டாளாக்கி வைத்திருக்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நொடி கூப்பிட்டாள். மேல் ஸ்தாயியில், சிஷ்யைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட இரண்டு ஸ்வரம் மேலே.

"ஏன்னா! நிறுத்துங்கோ! சக்கரம் ஆடறது!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மாடியில் ஸ்வர்ணலதா எட்டிப் பார்த்தாள். கஸ்தூரிரங்கன் மட்டும் திரும்பவில்லை. அவர் தோள் ஒரு தரம் விறைத்தது. காதில் நன்றாக விழுந்தது என்பதற்கு அது சாட்சி. உட்பிரிவு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பப் போன வர்ஷினியிடம் திரும்பாதே என்று தலையை அசைத்தார். ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

தெரு முடிந்து மாடவீதியில் திரும்புகிற இடத்தில் வண்டி பின்பக்கமாக உட்கார்ந்தது. மாடு படுப்பதுபோல, முதலில் பின்னங்கால், பிறகு முழு உடம்பும். அச்சு ஒரு பக்கமாக உருவிக்கொண்டு வர, சக்கரம் கோணி எங்கோ இடித்து நின்றுவிட்டது. கஸ்தூரிரங்கன் இடது தோளில் விழுந்தார். வர்ஷினி வழுக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் விழுந்தாள். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. பஸ்ஸின் முன் பம்பருக்கும் அவள் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் ஒரு கூடை வைக்கிற அளவு இடம் இருந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கூடை இருந்தது. முனையில் பூ விற்கும் தங்கத்தின் கூடை, இடிபட்டு அங்கே உருண்டு வந்திருந்தது.

ஜலஜா எப்படி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது செம்பு கையில்தான் இருந்தது. பாதித் தண்ணீர் சேலையில். மீதியால் வர்ஷினியின் முழங்காலைக் கழுவினாள். சுடிதார் கிழிந்து, தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். தலையில் ஒன்றும் இல்லை. பெண், அம்மா என் ஃபைல், என் ஃபைல் என்றாள். தங்கம் அதை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

"இன்னாம்மா உங்க ஊட்டுக்காரரு, அம்மாந் தொண்டை போட்டுக் கூவுற, பூக்கட்டிக்கினு இருந்த எனக்கே கேக்குது. அவுரு காதுல இன்னா பஞ்சா வெச்சிகினு கீறாரு?" என்று தங்கம் கேட்டாள். பஸ் டிரைவர் இறங்கி வந்து யாரையும் திட்டாமல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சேதி எப்படிப் போயிற்றோ, அப்துல் கஃபார் சந்திலிருந்து ஓடி வந்தார். வண்டியைக் குனிந்து பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. பின் அச்சில் நட்டு இல்லை. என்ன ஆயிற்று என்று ஜலஜா கேட்டாள். அவர் தங்கத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்.

"நட்டை கையால போட்டுட்டு, டைட் பண்ண பெரிய ஸ்பானர் எடுக்கத் திரும்பினேன் மேடம். அதுக்குள்ள டைம் ஆச்சுன்னு சார் கிக்கரை ஒதைச்சிட்டாரு. சார் சார்னு பின்னாலயே கூவுனேன். திரும்பியே பாக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா... வேற வண்டி வந்திச்சு. சரி, பக்கத்துலதானே, காலைல எடுத்தாருவாருன்னு வுட்டுட்டேன்."

"எங்காம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். போன் நம்பரும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

கஃபார் தலையைச் சொறிந்தார். சார் கோச்சுக்குவாருன்னு, என்று இழுத்தார். ஜலஜா அவரை மேலே கேட்கவில்லை. அந்த மனுஷனுக்குக் கோபம் வரும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டவர்களின் வரிசையில் இவர் இரண்டாவது. முதல் ஆள் அவளேதான்; வாய் மூடியிருந்தது ஒரு நொடிதான் என்றாலும், இவரைத் திட்டும் யோக்யதை அந்த நொடியோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் வர்ஷினிக்கு முழங்காலில் கட்டுப் போட்டு ஊசி குத்தினார்கள். கஸ்தூரிரங்கனுக்குக் காறை எலும்பில் முறிவு. ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். தொட்டிலில் கையோடு, கட்டிலில் அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஜலஜா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தாள். குழந்தை பிழைத்ததே என்பார், அல்லது கஃபாரைத் திட்டுவார், அல்லது அழுவார். எதுவானாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

"நீ ஏண்டி கூப்பிட்ட?" என்றார்.

ஜலஜா அவர் முகத்தையே பார்த்தாள். விளையாட்டில்லை. நிஜமாகவே கேட்டார். கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்தது. காலம் சரி, தயிர் சரி, நீ எதிரே வந்ததும் சரி. நீ கூப்பிட்ட அடுத்த நிமிஷம் சக்கரம் கழன்றது. இதில் சந்தேகத்துக்கு இடம் எங்கே என்றார். திரும்பாவிட்டால் கணக்கில் வராது என்று இத்தனை நாள் நினைத்தேன், அது தப்பு என்று பகவான் காட்டிவிட்டார். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளி இதைக் கேட்டுவிட்டு, மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

ஜலஜாவுக்கு ஆச்சரியமாக, கோபம் வரவில்லை. ரொம்ப நாளாக மூடிக்கிடந்த அறையில் ஜன்னல் ஒன்று இருப்பது கண்ணில் பட்டதுபோல இருந்தது. "வண்டியை நல்ல நிலையில வெச்சுக்கறது உரிமையாளரோட பொறுப்பு" என்று மெதுவாகச் சொன்னாள். ரசம் சாதத்தோடு எத்தனை வருஷம் கேட்ட வாக்கியம். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, வலியா, தெரியவில்லை.

அதற்குள் வர்ஷினி கம்பெனிக்குப் போன் பேசியிருந்தாள். அங்கே நேர்முகம் நடத்தும் பெண்மணி, அடிபட்ட காலோடு வர வேண்டாம், நாளைக்கு வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்றாளாம். மறுநாள் மேலே நல்ல சட்டையும் கீழே நைந்த பைஜாமாவுமாக, கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, வர்ஷினி கூடத்தில் உட்கார்ந்து பேசினாள். செவ்வாய்க்கிழமை, பிற்பகல், ராகுகாலம். அது கஸ்தூரிரங்கனுக்குத் தெரியும். தொட்டில் கையோடு காலண்டருக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் வர்ஷினி, அப்பா நீ கேமராவுல விழற என்று சொல்லி அவரை அடுக்களைக்கு அனுப்பினாள்.

வேலை கிடைத்தது. கஸ்தூரிரங்கன் வந்தவர்களிடமெல்லாம் ராசியின் பெருமையைச் சொன்னார். பாருங்கோ, அந்த வண்டியில நாலடி போய் விழுந்ததுக்கே இப்படி, முழுக்கப் போயிருந்தா மானேஜராவே ஆகியிருப்பா. வர்ஷினி கேட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய், வேலைக்குத் தினமும் போய்வர ஆபீஸ் வேன் இருக்கிறதா என்று விசாரித்து மெயில் எழுதினாள். கூடவே இரண்டு ஹெல்மெட் வரவழைத்தாள். ஒன்று அம்மாவுக்கு.

ஆறு வாரம் கழித்து வண்டி ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. அச்சு புதிது, டயர் புதிது, செயின் புதிது. பிரித்தால் ராசி போய்விடும் என்று சொன்னவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. முன்விளக்குக்குப் புதிதாகச் சந்தனம் வைத்தார்.

மறுநாள் அவர் கிளம்பினார். காலண்டர் ஆயிற்று. புதன்கிழமை, தயிர் வேண்டாம். தோளை அசைத்துப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கி, வண்டியை உறுமவிட்டு, கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து, தெரு முனையைப் பார்த்தார். ஜலஜா இல்லை. எதிர்பாராத சந்தோஷத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். இஸ்திரி வண்டிக்காரர் வந்தார். ஒரு நாய் வந்தது.

"ஏன்னா, எங்கே போறேள்?"

குரல் பின்னாலிருந்து, கேட்டுக்குள்ளிருந்து வந்தது. கூப்பிட்டதும் குற்றம், எங்கே என்று கேட்டதும் குற்றம், இரண்டும் ஒரே மூச்சில். கஸ்தூரிரங்கனின் தோள் விறைத்தது. ஆக்ஸிலேட்டரில் கை இருந்தது. முறுக்கவில்லை.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார், திரும்பாமலே.

"திரும்பினாலும் திரும்பாட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான்னு நீங்கதானே சொன்னேள். உள்ள வந்து உக்காந்து தீர்த்தம் குடிச்சுட்டுப் போங்கோ. நாற்காலி போட்டிருக்கேன்."

மாடியில் ஸ்வர்ணலதா கொடியில் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டாள். கஸ்தூரிரங்கனுடைய சட்டத்தில் எந்தப் பக்கம் புரட்டினாலும் தப்பிக்கிற உட்பிரிவு இல்லை. இருந்த ஒன்றையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரே ரத்து செய்துவிட்டார். இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் குடிக்கும் நேரத்தில் ஜலஜா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் குந்தினாள். பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. நட்டை விரலால் திருகிப் பார்த்தாள், வரவில்லை. டயரை அழுத்தினாள். முன் சக்கரத்துக்குப் போய் அதையும் அசைத்தாள். பிரேக்கை மிதித்து வண்டியைத் தள்ளிப் பார்த்தாள். அவளுக்கு இவ்வளவுதான் தெரியும், பட்டறையில் கேட்டுக்கொண்டு வந்தது. கையில் ஒட்டிய கிரீஸை மஞ்சள் துணியில் துடைத்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கிப் போய், தெரு முனையில் நின்று, தற்செயலாக எதிரே வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கஸ்தூரிரங்கன் கிளம்புவார், ஜலஜா கூப்பிடுவாள், அவர் திரும்பி வந்து உட்கார்ந்து குடிப்பார், அவள் சக்கரத்தை ஆட்டுவாள், அவர் மறுபடி கிளம்புவார். தன் மனைவி வேண்டுமென்றே அபசகுனம் செய்கிறாள் என்று தங்கையிடம் போனில் புலம்பினார். அண்ணா, தினமும் தண்ணி குடிக்கறது கிட்னிக்கு நல்லதுதான் என்று தங்கை சொல்லிவிட்டாள்.

ஒருநாள் ஜலஜாவுக்கு ஜுரம். எழுந்திருக்க முடியவில்லை. கஸ்தூரிரங்கன் கேட் வரைக்கும் போனார், நின்றார். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் சற்று நின்றார். படியேறி வந்து படுக்கையறை வாசலில் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கூப்பிட்டியோ?" என்று கேட்டார்.

இல்லை என்றாள் ஜலஜா.

கூப்பிட்டாப்பல இருந்துது என்று முணுமுணுத்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு கீழே போனார். சற்றுப் பொறுத்து ஜன்னல் வழியாகச் சக்கரத்தை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் பின் சக்கரம். வெகுநேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுபோல, முன் சக்கரமும்.

மாடியிலிருந்து ஸ்வர்ணலதா பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தபோது அவள்தான் சொன்னாள், சார் பிரேக்கைப் பார்க்கலைக்கா என்று.